வேதம் கூடாது என்கிறது, சரி. அதற்குக் கலியாணம்தான் மருந்தா?

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 24

என் தம்பிக்கு 31 வயது. பெண்களில் தனக்கு நாட்டம் இல்லை, ஆண்களிடம்தான் ஈர்ப்பு என்று எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியாது. ஆணோடு ஆண் சேரக் கூடாது என்பதில் லேவியராகமம் 18:22 தெளிவாக இருக்கிறது, ரோமர் 1 தெளிவாக இருக்கிறது, அதில் எனக்கு விவாதம் இல்லை. மேற்கத்திய வியாக்கியானங்களை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். பெயர் சொல்லாமல் ஒரு போதகரிடம் கேட்டேன். 1 கொரிந்தியர் 7:9ஐக் காட்டி, காலம் தாழ்த்தாமல் கலியாணம் செய்து வையுங்கள், கர்த்தர் சரியாக்குவார் என்றார். பொருத்தமும் ஒன்று வந்திருக்கிறது, நல்ல சபைக் குடும்பம், பெண் ஆசிரியை. இது வேதப்படி சரியான வழிதானே?

பெப்ரவரி 24, இரவு

இல்லை தம்பி. முதலில் அந்தப் பொருத்தத்தை நிறுத்துங்கள், மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம்.

பெப்ரவரி 25

நேற்று நித்திரைக் கண்ணோடு எழுதினேன், இன்று கொஞ்சம் விளக்கமாக. நான் இறையியல் படித்தவள் இல்லை. வலிகாமத்தில் ஒரு தென்னிந்தியத் திருச்சபையில் கன காலம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், அவ்வளவுதான்.

லேவியராகமத்தையும் ரோமரையும் இப்போதைக்கு நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்துக்கொள்வோம். கூடாது என்றால் கூடாது. அங்கேயிருந்து "ஆகவே கலியாணம் செய்து வை" என்று எப்படிப் போகிறீர்கள்? அந்தப் பாலத்தைப் போட்டது 1 கொரிந்தியர் 7:9. "வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்." இது ஒரு பெண்ணை விரும்பி, அடக்க முடியாமல் இருக்கிறவனுக்குச் சொன்னது. உங்கள் தம்பி எந்தப் பெண்ணுக்காகவும் வேகவில்லை, அதைத்தானே உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அவனுடைய பிரச்சினைக்கு இந்த வசனத்தைக் கொடுத்தால் அது பொருந்தாது.

அதோடு, அதே அதிகாரத்தில் ஆறு வசனம் மேலே போங்கள். "புருஷன் தன் மனைவிக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்யக்கடவன், அப்படியே மனைவியும் தன் புருஷனுக்குச் செய்யக்கடவள்." அடுத்த வசனத்தில் புருஷனுடைய சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்கிறார் பவுல். அந்தக் காலத்து ரோம உலகத்தில் ஒரு ஆம்பிளையிடம் இப்படிச் சொன்னது சாதாரண விசயம் இல்லை. கட்டிலில் பெண்ணுக்கு உரிமை உண்டு, அதை மறுக்க உனக்கு அதிகாரம் இல்லை என்கிறார். அந்தக் கடமையைச் செய்ய முடியாது என்று வாயால் சொன்ன ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்துவது எப்படி வேதப்படி ஆகும்? பவுல் அந்த அதிகாரத்தில் முதலில் சிபாரிசு செய்வதே கலியாணம் கட்டாமல் தன்னைப்போல இருப்பதைத்தான். போதகர்கள் 7:9க்கு நேராக வந்துவிடுகிறார்கள், 7:8ஐ மிதித்துக்கொண்டு.

பெப்ரவரி 26

இவ்வளவு கோபம் ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரணம் இருக்கிறது.

என் சித்தியின் மகள், ஏ9 பாதை திறந்த பிறகு 2003ல் கலியாணம். மாப்பிள்ளை அரச உத்தியோகம், குடி இல்லை, சிகரெட் இல்லை, பாடகர் குழுவில் நல்ல குரல். பிறகு எங்களுக்குத் தெரியவந்த கதை இது: கலியாணத்துக்கு முன்பே அவர் தன்னுடைய போதகரிடம் போய் அழுதிருக்கிறார். போதகர் தலையில் கை வைத்து ஜெபித்து, இதே 7:9ஐச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் வருசம் முழுக்க அவள் தன்னைத்தான் குறை பிடித்தாள். கறுப்பு என்று நினைத்தாள், மெலிவு என்று நினைத்தாள். "விசேசம் ஒன்றும் இல்லையோ" என்று மாமியாரும் பெரியம்மாமாரும் கேட்கக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்துச் சோதித்தாள். ஒருநாளும் தொடாத புருஷனுக்குப் பிள்ளை பெறுவதற்கு மருந்து எடுத்தவள் அவள். டொக்டரிடம் கூட அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். கடைசியில் அவரே சொன்னார். சொல்லிவிட்டு லண்டனுக்குப் போனார், வரவில்லை. சபையில் மாதர் சங்கம் அவளுக்காக "பிரிந்திருக்கும் குடும்பங்கள்" என்ற தலைப்பில் ஜெபம் பண்ணும், அவளும் அங்கேயே இருந்து ஆமென் சொல்லுவாள்.

தம்பியைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் பெடியனைத்தான் பார்க்கிறீர்கள், பாவமா நோயா பிறவியா என்று. அந்த ஆசிரியைப் பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவளும் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை.

பெப்ரவரி 26, பின்னேரம்

"அந்த மாப்பிள்ளை கெட்டவரா" என்று கேட்டவருக்கு: இல்லை. அவரில் எனக்குக் கன காலம் கோபம் இருந்தது, இப்போது அது பாதிக்கு மேல் அந்தப் போதகரின் பக்கம் போய்விட்டது. அவர் உண்மையைச் சொல்லப் போன ஒரே இடத்தில் பொய் சொல்லப் பழக்கி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 1

விவாகரத்து எடுக்கலாம்தானே என்று எழுதியிருக்கிறார் கனடாவிலிருந்து ஒருவர். கனடாவில் எடுக்கலாம். இங்கே 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே மூன்று காரணம் வைத்திருக்கிறது: கலியாணத்துக்குப் பிந்திய பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இரண்டு பேருக்கும் சரிவரவில்லை, மரியாதையாகப் பிரிகிறோம் என்று சொல்ல அதில் இடமே இல்லை. யாராவது ஒருவர் குற்றவாளி ஆக வேண்டும். என் தங்கச்சிக்கு மூன்றாவது காரணத்தைச் சொல்லச் சொல்லி லோயர் சொன்னார். கோட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். கைவிட்டுப் போனது என்று போட்டுத்தான் வழக்கு, அதுவும் வருசக் கணக்காக இழுபட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் யாழ்ப்பாணத் தமிழர் என்றபடியால் சொத்து விசயத்தில் எங்கள் ஊர் வழமைச் சட்டமான தேசவழமைதான். 1707ல் ஒல்லாந்தர் எழுதி வைத்த வழமை, பிறகு 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி பெண்ணின் காணி, வீடு, அவளுக்கே தாய் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும், விற்க வேண்டும் என்றால் புருஷனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவளுடைய தகப்பனுக்கு ஒபரேசன் என்று வந்தபோது சீதனக் காணியில் ஒரு துண்டை விற்கப் போனாள். நொத்தாரிசு முதல் கேட்டது "அவரின்ர கையெழுத்து எங்கை பிள்ளை" என்றுதான். பெயருக்கு மட்டும் புருஷனாக இருந்த மனுசனின் கையெழுத்துக்காக லண்டனுக்குக் கடிதம் போட வேண்டியிருந்தது. அவர் உடனே அனுப்பினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 2

"மேற்கத்திய வியாக்கியானம் வேண்டாம்" என்பது திரும்பத் திரும்ப வருகிறது. எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. 1816ல் தெல்லிப்பழையில் வந்து இறங்கிய அமெரிக்க மிசன், வட்டுக்கோட்டை செமினரி, உடுவில் பெண்கள் பள்ளி, அதெல்லாம் யாருடைய வியாக்கியானம்? எங்கள் பாட்டன் பூட்டனுக்கு வேதத்தை விளக்கியவர்கள் பொஸ்டன் பக்கத்துக் கொங்கிரிகேசனல் சபைக்காரர். அந்தச் சபைகளின் இன்றைய வாரிசு அமெரிக்காவில் யுனைடெட் சேர்ச் ஒஃப் கிறைஸ்ட். அவர்கள் 2005 ஜூலையில் தங்கள் பொதுச் சங்கத்தில் ஒருபால் திருமணத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் எடுத்தார்கள். அதனால் அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. மிசனரியின் பேரன் சொன்னால் சரி என்றால் மிசனரி சொன்னதும் அந்தக் காரணத்துக்காகவே சரி என்று ஆகிவிடும். மேற்கு என்ற காரணத்தை இரண்டு பக்கமும் விட்டுவிட்டு வசனத்தைப் பாருங்கள் என்கிறேன்.

ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் 365, 365அ பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 1883ல் வெள்ளைக்காரன் போட்டது, 1995ல் பெண்களையும் உள்ளே சேர்த்து நீட்டியது நாங்கள். 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் அதை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்றது. பாராளுமன்றம் 2024ல் கலைந்தது, மசோதாவும் போய்விட்டது. சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

மார்ச் 5, சாம்பல் புதன்

குருநகரிலிருந்து ஒரு கத்தோலிக்க அக்கா: "எங்கள் பக்கத்தில் இப்படி நடந்தால் என்ன?" எனக்குத் தெரிந்த அளவில் உங்கள் பக்கம் எங்களை விடத் தெளிவு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1095, திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை உளக் காரணங்களால் ஏற்க முடியாதவரின் சம்மதம் செல்லாது. 1098, வாழ்க்கையைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை மறைத்து, சம்மதம் வாங்குவதற்காகவே ஏமாற்றினால் செல்லாது. 1103, பலவந்தத்தாலோ கடும் பயத்தாலோ கட்டிய கலியாணம் செல்லாது. பெண்ணை ஏமாற்றினால் ஒரு இலக்கம், பெடியனைத் தாய் சாகப்போகிறேன் என்று வெருட்டிக் கட்டிவைத்தால் இன்னொரு இலக்கம். ஒவ்வொரு வழக்கையும் மறைமாவட்டத் தீர்ப்பாயம்தான் விசாரித்து முடிவு சொல்லும், தானாக நடக்காது. ஆனாலும் உங்கள் சபை இதைத் திருமணமே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாசலை வைத்திருக்கிறது, நாங்கள் ஜெபக்குறிப்பு மட்டும் வைத்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்திலும் ஒரு சிக்கல். முன்பெல்லாம் கலியாணம் வேண்டாம் என்கிற பெடியன் கொழும்புத்துறைக் குருமடத்துக்குப் போனால் ஊர் வாழ்த்தியது, தாய்க்கும் பெருமை. 2005ல் உரோமை ஒரு அறிவுறுத்தல் விட்டது, ஆழமான தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது என்று. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் 2358ஆம் பத்தியில் அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்கிறது, 2359ல் கற்புநெறியில் வாழ அழைக்கிறது. சரி, எங்கே போய் அந்தக் கற்புநெறியில் வாழ்வது? வாடகைக்கு வீடு கேட்டால் தனி ஆம்பிளைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

மார்ச் 8

இப்போது ரோமர் 1. நான் இதுவரை தவிர்த்தேன். லண்டன் தம்பி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், பவுல் சொன்னது கோயில் விபசாரத்தையும் சிறுவர்களை வைத்திருந்த பணக்காரரையும்தான், இன்றைய சமமான உறவை இல்லை என்று. அவர் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. "ஒருவர்மேலொருவர் விரகதாபத்தினாலே பொங்கி" என்றுதான் பவுல் எழுதுகிறார். ஒருவர் வாங்குகிறவர், மற்றவர் விற்கப்பட்டவர் என்ற படம் அதில் இல்லை. பெண்களையும் 26ஆம் வசனத்தில் சேர்க்கிறார், அங்கே சிறுவர் கதை பொருந்தாது. ஆதியாகமப் படைப்புக் கதை அவருடைய தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, சிருஷ்டிகர் என்ற சொல்லை 25ஆம் வசனத்திலேயே வைத்துவிட்டார். ஆகவே பவுலுக்கு இது பிடிக்கவில்லை என்பதை நான் மறைக்க மாட்டேன். வசனத்தைக் கரைத்துக் காட்டித்தான் ஒருவனுக்கு இரக்கம் காட்டலாம் என்றால், கரையாத நாளில் இரக்கமும் போய்விடும்.

ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லையே. அதிகாரம் என்று வெட்டியது பிற்காலத்து ஆட்கள், கடிதத்தில் அது ஒரே மூச்சு. புறஜாதியாரின் பட்டியலை வாசித்து ரோமாபுரிச் சபை தலையாட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த வரி வருகிறது: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." முழுப் பட்டியலும் இந்த வரிக்கு ஆட்களை இழுத்து வருவதற்காகப் போட்டது. பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், 29 தொடக்கம் 31 வரை: பொருளாசை, பொறாமை, வஞ்சகம், புறங்கூறுதல், பெற்றாருக்குக் கீழ்ப்படியாமை. எங்கள் சபையின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இதில் பாதி அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

வாசிப்பு ஒன்று, அதிலிருந்து எடுக்கும் முடிவு ஒன்று. இதைப் பிரித்துப் பார்க்க ரிச்சர்ட் ஹேஸ் என்ற அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் நல்ல உதாரணம். ஒருபால் உறவு கூடாது என்று 1996ல் அவர் எழுதியதைத்தான் பாரம்பரியப் பக்கத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 2024ல் மகனோடு சேர்ந்து எழுதி முடிவை மாற்றிக்கொண்டார், 2025 ஜனவரியில் இறந்துபோனார். அவர் ரோமர் 1 வேறு எதையோ சொல்கிறது என்று மாற்றவில்லை. அந்த ஏழெட்டு வசனங்களை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, கடவுள் தன் இரக்கத்தை அகலப்படுத்திக்கொண்டே போகும் முழுக் கதையையும் பார்க்க வேண்டும் என்றார். அப்போஸ்தலர் 10ல் பேதுரு புறஜாதியானான கொர்நேலியுவை ஏற்றுக்கொள்வது அதற்குப் பொருத்தமான இடம். மறுபக்கம் இருக்கிறவர்கள் அப்போஸ்தலர் 15:20ஐக் காட்டுவார்கள், புறஜாதியாரைச் சேர்த்த அதே கூட்டம் வேசித்தனத்துக்கு விலகச் சொன்னதே என்று. அதுவும் நியாயமான கேள்வி. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், திங்கட்கிழமை ஹேஸ் பக்கம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டு வரும்போது தடுமாற்றம்.

மார்ச் 9

சோதோமைக் கொண்டுவராமல் யாரும் விடமாட்டீர்கள் என்று தெரியும், வந்துவிட்டது.

எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமத்தைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது: "கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும்", அதாவது அகந்தை, நிறையச் சாப்பாடு, கவலையில்லாத சொகுசு, அதோடு எளியவனுடைய கையைப் பலப்படுத்தாதது. அடுத்த வசனத்தில் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் வருகிறது, யூதா 7லும் வேறு மாதிரி வருகிறது, ஆகவே ஒரு பக்கமாக இழுக்க வேண்டாம். ஆனால் வீட்டு வாசலில் கூட்டமாக வந்து விருந்தாளியைப் பலவந்தம் செய்யப் பார்த்த கதையை வைத்து, ஒரு அறையில் தன்பாட்டுக்கு இருக்கிற 31 வயதுப் பெடியனை எப்படி அளப்பீர்கள்?

அந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் நிற்பது ஆதியாகமம் 19:8. லோத்து வெளியே வந்து கூட்டத்திடம், எனக்குப் புருஷரை அறியாத இரண்டு குமாரத்திகள் இருக்கிறார்கள், அவர்களை வெளியே கொண்டுவருகிறேன், உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்கிறான். நியாயாதிபதிகள் 19ல் அதே கதை திரும்ப வருகிறது, அங்கே ஒரு பெண்ணை உண்மையாகவே வெளியே தள்ளிவிடுகிறார்கள், விடியும்போது அவள் வாசற்படியில் கிடக்கிறாள். இரண்டு கதையிலும் ஆம்பிளைக்கு வரும் அவமானத்தைத் தடுக்க வீட்டிலிருந்து எடுத்து நீட்டியது பெண்ணை. இத்தனை வருசத்தில் சோதோம் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த எட்டாம் வசனத்தில் ஒரு போதகரும் நின்றதில்லை. பொருத்தம் பேசி, சீதனம் எழுதி, அழைப்பிதழ் அடித்து நாங்கள் செய்வது அதிலிருந்து எவ்வளவு தூரம்?

மார்ச் 9, இரவு

கடுமையாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

மார்ச் 11

வண்ணார்பண்ணையிலிருந்து ஒரு சைவ அண்ணை: "நாவலர் மொழிபெயர்த்த பைபிளிலும் இது இருக்குதோ?" பீற்றர் பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் இருந்து வேலை செய்த அந்த 1850ஆம் ஆண்டுப் பதிப்பு சபைகளில் நிலைக்கவில்லை, பிறகு போவர் குழுவின் 1871 பதிப்புத்தான் நிலைத்தது. லேவியராகமம் 18 எல்லாப் பதிப்பிலும் இருக்கும் அண்ணை. நாவலர் அதை வாசித்துவிட்டு, "இவ்வளவு சட்டம் வைத்திருக்கிறீர்கள், நீங்களே மாட்டிறைச்சி சாப்பிடுகிறீர்களே" என்று எதையாவது கேட்டிருப்பார் என்பது என் கற்பனை.

"இது உங்கட வேதக்காரர் பிரச்சினை" என்று அதே அண்ணை முடித்திருக்கிறார். புரோக்கர் இரண்டு பகுதிக்கும் ஒரே ஆள்தான். உங்கள் பக்கத்தில் செவ்வாய் தோசம் என்று சொல்லி இழுத்தடிக்க ஒரு வழியாவது இருக்கிறது, எங்களுக்கு அதுவும் இல்லை.

மார்ச் 15

"கர்த்தர் சரியாக்குவார்." கர்த்தரால் முடியாதது இல்லை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அடைவு வைத்து அற்புதத்தை எதிர்பார்ப்பது விசுவாசமா? மத்தேயு 4:7ல் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னபோது இயேசு என்ன பதில் சொன்னார்? கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்றுதானே?

இந்த ஈர்ப்பை மாற்றிக்காட்டுகிறோம் என்று ஊழியம் செய்தவர்களின் கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் எக்சோடஸ் இன்டர்நேஷனல் என்று 1976ல் தொடங்கினார்கள், இந்த ஊழியங்களுக்கெல்லாம் அதுதான் குடை. 2013 ஜூனில் அவர்களே மூடினார்கள். தலைவர் அலன் சேம்பர்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், பெரும்பாலானவர்களின் ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அவர்கள் நாத்திகர் இல்லை, ஜெபித்தவர்கள், உபவாசித்தவர்கள், முப்பது வருசத்துக்கு மேல் முயன்றவர்கள்.

மார்ச் 16

மேலே எழுதியதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். அந்த சேம்பர்ஸ் மனைவியோடு சந்தோசமாக வாழ்வதாக அப்போது சொன்னவர், தனக்கு இன்னும் ஆண்களில் ஈர்ப்பு உண்டு என்றும் சொன்னவர், மனைவிக்கு அது தெரிந்திருந்தது. அப்படி எல்லாம் தெரிந்து இரண்டு பேர் ஒத்துக்கொண்டு கட்டினால் நான் யார் கேட்க? மானிப்பாய் வாசகி ஒருவர் தன்னுடைய கலியாணம் அப்படித்தான், நட்பு இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். அவருடைய வாழ்க்கைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் அவரிடம் முதலே சொல்லியிருக்கிறார்கள். முழு வித்தியாசமும் அதிலேதான் இருக்கிறது. மல்கியா 2:14 துரோகம் என்ற சொல்லை இந்த இடத்தில்தான் போடுகிறது: "உன் தோழியும் உன் உடன்படிக்கையின் மனைவியுமாகிய அவளுக்கு நீ துரோகம்பண்ணினாயே." உடன்படிக்கை என்றால் இரண்டு பக்கமும் தெரிந்து வைக்கும் கையெழுத்து.

அந்த ஆசிரியையிடம் உங்கள் தம்பியே சொல்லி, அவள் யோசித்து ஓம் என்றால் அது வேறு கதை. சொல்வாரா? சொல்ல விடுவீர்களா?

மார்ச் 22

"வசனத்தை வளைக்கத் தொடங்கினால் எங்கே நிற்கும்" என்று ஒரு போதகர் தனியாக எழுதினார். ஐயா, நாங்கள் எப்போதோ தொடங்கிவிட்டோம். பெண் உபதேசம் பண்ணக் கூடாது என்று 1 தீமோத்தேயு 2:12 இருக்கத்தான் தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருவாக்கியது, 2013ல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரானார். எனக்கு அதில் சந்தோசம். உபாகமம் 23:19 சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது, எங்கள் சபையில் சீட்டுப் பிடிக்காதவரை விரல் விட்டு எண்ணலாம். மாற்கு 10:11ல் தள்ளிவிட்டு வேறு கட்டுவதைப் பற்றி இயேசு தன் வாயாலேயே சொன்னது இருக்கிறது, வெளிநாட்டில் மறுமணம் செய்துவிட்டு வருகிறவருக்கு முன்வரிசையில் கதிரை போடுகிறோம், பெல் வாங்கித் தந்தவர் என்று. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை என்ற பேதம் இல்லை என்கிற கலாத்தியர் 3:28ஐ நத்தார் காலத்தில் பாட்டாகப் பாடுகிறோம், புரோக்கருக்குக் கொடுக்கும் குறிப்பில் சாதியை முதல் வரியில் எழுதுகிறோம்.

இதெல்லாம் பிழை என்றோ சரி என்றோ நான் ஒரே தராசில் போடவில்லை. கமிட்டியில் இருக்கிறவர்களின் வீட்டில் நடக்கும் விசயத்துக்கு வசனம் இளகுகிறது. தன்பால் ஈர்ப்பு உள்ள பெடியனும் பெட்டையும் அந்தக் கமிட்டியில் இல்லை, இருந்தாலும் வாய் திறக்கவில்லை. பெட்டை என்று எழுதும்போதுதான் யோசிக்கிறேன், இந்தப் பக்கம் முழுக்க ஆம்பிளைப் பிள்ளைகளைப் பற்றியே போகிறது. பெண்ணுக்கு இந்த ஈர்ப்பு இருந்தால் "எனக்கு நாட்டம் இல்லை" என்று சொல்லவே விடமாட்டார்கள், நாட்டம் உண்டா என்று அவளை முதலில் யார் கேட்டது.

மார்ச் 30

சரி, கலியாணம் இல்லை என்றால் என்ன என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. மத்தேயு 19ஐ எடுங்கள். விவாகரத்து பற்றி இயேசு கடுமையாகச் சொன்னதும் சீஷர்கள், அப்படியானால் கட்டாமல் இருப்பதே நல்லது என்கிறார்கள். அவர் சீஷர்களைத் திட்டவில்லை. "தாயின் வயிற்றிலிருந்து அண்ணகர்களாய்ப் பிறந்தவர்களும் உண்டு" என்று தொடங்கி (அண்ணகர் என்றால் ஆண்மை இல்லாதவர்), மனுசரால் ஆக்கப்பட்டவர்கள், பரலோக ராஜ்யத்துக்காக அப்படி இருக்கிறவர்கள் என்று மூன்று வகை சொல்கிறார். அண்ணகர் என்றால் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது அளவுக்கு மீறிய இழுப்பு. ஆனால் எல்லோரும் கலியாணத்துக்கு உரியவர்கள் இல்லை, சிலர் பிறப்பிலேயே அப்படி, அதில் வெட்கம் இல்லை என்று அவர் வாயிலிருந்து வந்தது இங்கேதான். ஏசாயா 56ல் அண்ணகன் "நான் பட்டமரம்" என்று சொல்லக் கூடாது என்கிறார் கர்த்தர், குமாரர் குமாரத்திகளை விட உத்தமமான இடம் தன் வீட்டுக்குள் தருவேன் என்கிறார். பட்டமரம் என்ற வார்த்தையை எங்கள் ஊரில் பிள்ளை இல்லாதவர்களுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கோயில் படியில் வைத்து.

ஆகவே மிகப் பழமையான வாசிப்பையே வைத்துக்கொண்டாலும் உங்கள் தம்பிக்கு வேதத்தில் ஒரு இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில்தான் இல்லை. நாற்பது வயதுத் தனி ஆம்பிளையை ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடும் வீடு எத்தனை? தனியாக இரு என்று சொல்கிற சபை அவனோடு இருக்க வேண்டும், அதைச் செய்யாமல் 18:22ஐ மட்டும் நீட்டினால் அவன் எங்கே போவான்? சில வருசமாக நகரத்தில் வானவில் கொடியோடு ஊர்வலம் போகிறார்கள், அங்கேதான் போவான், அங்கே அவனுக்கு யாராவது தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து நாங்கள் கோபப்பட நியாயம் இருக்கிறதா?

ஒரு துணையோடு வாழ அவன் முடிவெடுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி, அது இன்னும் கஷ்டமான கேள்வி. அதற்கு நான் இங்கே பதில் எழுதமாட்டேன், அவன் என்னிடம் கேட்கவில்லை. நீங்களும் அவனிடம் அதை முதல் நாளே கேட்க வேண்டாம்.

ஏப்ரல் 6

பொருத்தத்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பெண் வீட்டாருக்குக் காரணம் சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணில்தான் ஏதோ குறை என்று ஊர் கதைக்கும் என்கிறீர்கள், உண்மை. அதனால் குறையை உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். "பெடியன் இப்போதைக்குக் கட்டுகிற எண்ணத்தில் இல்லை, நாங்கள்தான் அவனைக் கேட்காமல் அவசரப்பட்டு வந்துவிட்டோம், பிள்ளையில் ஒரு குறையும் இல்லை" என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், புரோக்கரிடம் விட வேண்டாம். அதில் பொய் ஒன்றும் இல்லை, தம்பியின் விசயமும் வெளியே வராது. அம்மாவிடம் சொல்வதா இல்லையா என்பதை அவனே தீர்மானிக்கட்டும். 7:9 காட்டிய போதகரிடம் 7:3ஐக் காட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள், எனக்கு ஆவல்.

காணி உறுதி பற்றிக் கேட்ட பருத்தித்துறைத் தங்கச்சிக்கு: புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணம் இல்லாமல் கையெழுத்து வைக்க மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், அதே 1911 சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நீதிமன்றத்தின் சம்மதம் அவருடைய சம்மதத்துக்குச் சமம். உறுதியின் பிரதியையும் கலியாணப் பதிவையும் எடுத்துக்கொண்டு, தேசவழமை வழக்குப் பேசுகிற லோயராகப் பார்த்துப் போங்கள்.